துவக்கு யார் கையில்?

வரியில் தொடங்கி ஆயுள் தண்டனை வரை வந்த துவக்குச் சட்டம் யாரைக் காத்தது, யாரை விட்டது? சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒரு விசாரணை

2022 ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை. றம்புக்கனை ரயில் கடவையில் காலையிலிருந்தே ஜனக்கூட்டம். முந்தைய நள்ளிரவில் எண்ணெய் விலை மீண்டும் ஏறியிருந்தது. வரிசையில் காத்துக் கிடந்தவர்கள் பழைய விலைக்கே எண்ணெய் வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கிவிட்டார்கள். ரயில்கள் நின்றன. நடுவில் ஒரு எரிபொருள் பவுசர். வெயில் ஏற ஏற வார்த்தைகளும் ஏறின. கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வந்தது. அதன் பிறகு கூரான வெடிச்சத்தம். சனம் வயலும் வாய்க்காலும் பார்க்காமல் ஓடியது. மாலை மங்குவதற்குள் ஒரு குடும்பத் தலைவர் உயிரிழந்திருந்தார். பத்துப் பேருக்கு மேல் காயப்பட்டுக் கேகாலை ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஊருக்கு ஊரடங்கு. பிறகு கேகாலை நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, அங்கே பொறுப்பிலிருந்த சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரும் பொலிஸார் சிலரும் கைதானார்கள்.

அன்று பொலிஸார் கையில் இருந்தது டி-56. இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். சீனா செய்த ஏ.கே.-47 நகல். ஒரு மெகசினில் 30 தோட்டாக்கள். விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 என்ற வேகத்தில் பாயும். ராணுவக்காரர் இதை யந்திரத் துவக்கு என்று சொல்ல மாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது தாக்குதல் ரைபிள். ஆனால் உலகத்துச் சட்டப் புத்தகங்கள் பலவற்றில், ஒரே அழுத்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா போகும் எதுவும் ஒரே வகுப்புத்தான். இலங்கைச் சட்டத்திலும் அது தானியங்கித் துவக்கு. பொதுமகன் ஒருவர் அனுமதியில்லாமல் அதை வைத்திருந்தால் ஆயுள் தண்டனை.

இவ்வளவு கடுமையான சட்டம் இருக்கும் நாட்டில், 2025ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள் நூறைத் தாண்டின. மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள் என்ற செய்தி மாறாமல் வந்துகொண்டே இருந்தது. பலவற்றில் டி-56. இந்தத் துவக்குகள் எங்கிருந்து வந்தன? பொதுமக்கள் கையில் துவக்கு என்பதற்கு இந்த நாட்டுச் சட்டம் இதுவரை என்ன சொல்லி வந்திருக்கிறது? இரண்டு கேள்விக்கும் விடை தேடினால் கொழும்பை விட்டு மேலே ஏற வேண்டும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, றக்வானை என்று நீளும் இந்த மலைகள் துவக்கின் கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவை.

■ முதலில் வந்தது வரி

1848. ஆளுநர் டொரிங்டன் பிரபு. கோப்பி விலை விழுந்து கஜானா காலியாகியிருந்த நேரம். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு வரி. அதோடு சேர்ந்து வந்தது துவக்கு வரி: வருடத்துக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். கண்டிச் சீமைக் கிராமத்தானுக்குத் துவக்கு என்பது பன்றியிடமிருந்து சேனையைக் காக்கும் கருவி. அதைப் பதிவு செய், காசு கட்டு என்றதும் மாத்தளையும் குருநாகலும் கொதித்தன. கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார், கிளர்ச்சி நசுக்கப்பட்டது, டொரிங்டனும் பிறகு பதவி இழந்து போனார். ஆனால் துவக்கைப் பார்த்தால் அரசுக்கு முதலில் தோன்றுவது பதிவேடு என்ற பழக்கம் நிலைத்துவிட்டது.

இன்றைக்கும் நாட்டை ஆளும் தாய்ச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் 1915 மே கடைசியில் கண்டியில் தொடங்கிய சிங்கள – முஸ்லிம் கலவரம் தெற்கே பரவியது. ஆளுநர் சாமர்ஸ் ஜூன் 2ஆம் திகதி ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தபோது, முதலில் அதன் கீழ் வந்த இரண்டு மாகாணங்கள் மேல் மாகாணமும் சப்ரகமுவையும்.

அப்போது ஊரை அடக்க இறங்கியவர்களில் பஞ்சாபிச் சிப்பாய்கள் மட்டும் இல்லை, ஐரோப்பியத் தொண்டர்களும் இருந்தார்கள். தோட்ட துரைமாரும் அதில் அடக்கம். விசாரணை இல்லாமல் சுட்டார்கள் என்ற குற்றச்சாட்டுகளைத் திரட்டிச் சட்ட நிரூபண சபையில் முழங்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் 1916இல் லண்டனில் வெளியிட்ட நூல் அந்த நாட்களின் சாட்சியம்.

துரைமாரின் கையில் துவக்கு இருந்ததற்குச் சட்டமே துணை. இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை என்று ஒன்று 1900இல் அமைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியருக்கு மட்டுமான தொண்டர் படை. முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போனது. 1949இல்தான் கலைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு, காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் துரை, பயிற்சி நாளில் சீருடை அணிந்த சிப்பாய். எதிரே வரிசையில் நின்றவரிடம் கவ்வாத்துக் கத்தியும் பால் வெட்டும் கத்தியும்தான் இருந்தன. ஆட்சிக்கும் தொழிலுக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு அங்கே அழிந்து கிடந்தது. இந்தியாவிலும் இதே நீதிதான்: 1878 ஆயுதச் சட்டம் இந்தியரிடம் லைசன்ஸ் கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது.

▣ பெட்டிச் செய்தி: சட்டம் நடந்த வழி

1848 – துவக்கு வரி.
1916 – 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கட்டாயம்.
1937 – வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் (இலக்கம் 2). விலங்குக்குப் பொறியாகக் கட்டுத்துவக்கு வைப்பதும் குற்றம்.
1966 – 18ஆம் இலக்க அபாயகர ஆயுதங்கள் சட்டம். குண்டு, கைக்குண்டு வழக்குகள் இதன் கீழ்.
1979 – 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம்.
1985 – 40ஆம் இலக்கத் துணைப்படைச் சட்டம். ஊர்காவல் படைக்குச் சட்ட அடித்தளம்.
1996 – 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் ஆயுள் தண்டனை. துவக்கைக் காட்டிக் கொள்ளை போன்ற பாரிய குற்றம் செய்தால் மரணம் அல்லது ஆயுள்.
2024 நவம்பர் – தற்பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கப் பாதுகாப்பு அமைச்சு உத்தரவு.

■ குழலுக்கு முன்னால்

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் துவக்கு வரும் இடமெல்லாம் அது எதிர்ப்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது, கோவிந்தன் விழுந்தார். மலையகத் தொழிற்சங்கத்தின் முதல் தியாகி என்று இன்றும் மே தினத்தில் அவர் பேர் சொல்கிறோம். அதன் மீதான விசாரணைக் குழுவில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே 11இல் டெவன் தோட்டத்துக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்தபோது விழுந்தவர் சிவனு லட்சுமணன்.

சப்ரகமுவையில் இந்தக் கதைக்கு வேறு ஒரு முகமும் உண்டு. இங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் நுவரெலியாவைப் போலத் தனித்தனி மலைகளில் இல்லை, ஒரே ஓடையின் இரு கரையில் இருக்கின்றன. 1936இல் ருவன்வெல்லையில் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவைச் சட்டசபைக்கு அனுப்பிய மண் இது. கிராமத்தானும் தோட்டத்தானும் ஒரே செங்கொடியின் கீழ் நின்ற காலம் இருந்தது. கெட்ட காலம் வந்தபோதும் அந்த நெருக்கமே வினையானது.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது கேகாலை மாவட்டத்தின் பல பகுதிகள் வாரக்கணக்கில் அரசின் பிடியில் இல்லை. பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. இளைஞர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் வீடு வீடாகச் சேர்த்த வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளும்தான். அந்த இயக்கத்தின் ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் தோட்டத் தமிழர் சந்தேகத்துக்குரியவர்களாக நின்றார்கள். ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர், மறுபக்கம் ராணுவம். லயத்துக்காரர் இருவரில் எவருக்கும் உரியவர் இல்லை.

1981 ஆகஸ்டில் காவத்தை, றக்வானை, பெல்மதுளை, பலாங்கொடைத் தோட்டங்களுக்குள் கும்பல்கள் புகுந்து லயத்து வீடுகளைக் கொளுத்தின. அவசரகாலச் சட்டம் வருவதற்குள் சனம் காட்டுக்குள் ஓடிவிட்டிருந்தது. பலர் அத்தோடு வவுனியாவுக்கே பெயர்ந்து போனார்கள். தடியும் தீப்பெட்டியும் போதுமாயிருந்தன அந்தக் கும்பலுக்கு. எதிரே தற்காப்பு என்று சொல்ல எதுவும் இல்லை, காப்பாற்ற வேண்டிய பொலிஸும் பல இடங்களில் வரவில்லை. தற்பாதுகாப்புக்கான துவக்கு லைசன்ஸ் என்று சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறதே, அந்த வழி இவர்கள் நினைவில்கூட இருந்திராது.

■ அரசே கொடுத்த துவக்கு

இலங்கையில் யந்திரத் துவக்கு பொதுமக்களிடம் போனதற்குச் சந்தை காரணமில்லை. அமெரிக்காவில் போலக் கடையில் விற்கவில்லை. அரசு கொடுத்தது. 1983க்குப் பிறகு போர் பெருத்தது, படை பெருத்தது. எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையினருக்கு வேட்டைத் துவக்கும், பின்னர் தானியங்கியும் கையளிக்கப்பட்டன. 1987க்குப் பிறகு ஜே.வி.பி.யின் இரண்டாவது எழுச்சி. ஆளும் கட்சிக்காரர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டபோது அரசியல்வாதிகளுக்கும் அவர்களுடைய ஆட்களுக்கும் ஆயுதம் கொடுக்கப்பட்டது. கொடுத்ததற்குக் காரணம் இருந்தது, உயிருக்கு ஆபத்து உண்மை. திரும்ப வாங்கும் ஏற்பாடுதான் இல்லை.

இரத்தினபுரி மாவட்டம் அதன் விலையைக் கொடுத்தது. எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள், 1999இல் ஒரு பாடசாலை அதிபரும் ராணுவத்தினரும் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 1994இல் சூரியகந்தை மலையில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டது. சீருடைக்காரன் யார், சீருடையில்லாத ஆயுததாரி யார் என்று அடையாளம் சொல்ல முடியாத இரவுகள் அவை. தோட்டத்து ஆட்கள் அந்த வருடங்களில் இருட்டுமுன் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

போர்க்களத்திலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் சிலர் துவக்கோடு வந்தார்கள். சிலர் அதையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். உள்ளூர் அரசியல்வாதியின் பின்னால் டி-56 தொங்கும் இரண்டு பேர் நடப்பது தொண்ணூறுகளில் வழக்கமான காட்சியாகிப் போனது. 2011 அக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாளில், முல்லேரியாவில் ஒரே கட்சியின் இரு அணிகள் மோதியபோது அக்கட்சி அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர உட்பட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருக்கு 2021இல் பொதுமன்னிப்பு வந்ததும், 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்து செய்ததும் நமக்கு நினைவிருக்கும். சட்டத்துக்குப் புறம்பான துவக்கை மட்டும் தேடிக்கொண்டிருந்தால், பாதுகாப்புக்கென்று அரசே அனுப்பிய துவக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி தப்பித்துப் போகும்.

அந்தக் கேள்வி இப்போதுதான் பாராளுமன்றத்துக்கு வந்திருக்கிறது. ஒரே ராணுவ முகாமிலிருந்து 73 டி-56 துவக்குகள் பாதாள உலகத்திடம் போயின, அதில் 38 மீட்கப்பட்டன என்று பொது மக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால 2025இல் சபையில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில், ராணுவம் தனக்குக் கொடுத்த கைத்துப்பாக்கி ஒன்று பாதாள உலகத்தவர் பக்கம் போன விவகாரத்தில் முன்னாள் அமைச்சர் ஒருவர் கைதானார். அந்த ஆண்டு பிப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துவக்கு வந்தது சட்டப் புத்தகம் ஒன்றின் குடைந்த பக்கங்களுக்குள்.

▣ பெட்டிச் செய்தி: அமெரிக்கா எடுத்த பாதை

1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேர் தாம்சன் யந்திரத் துவக்கால் கொல்லப்பட்டார்கள். மதுவிலக்குக் காலக் கும்பல்களின் அட்டகாசம் உச்சத்தில் இருந்தது. 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் யந்திரத் துவக்கைத் தடை செய்யவில்லை, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி வைத்துப் பதிவு செய்யச் சொன்னது. அன்றைக்கு அது ஏறக்குறைய ஒரு தாம்சன் துவக்கின் விலை. 1986 மே 19இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தோடு அந்தப் பதிவேடு மூடப்பட்டது. அதற்கு முன் பதிவானவற்றை மட்டும் பொதுமக்கள் வாங்கலாம், விற்கலாம். புதிதாகச் சேராததால் பழையவற்றின் விலை பல்லாயிரம் டாலருக்கு ஏறி, பணக்காரரின் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. 2017 லாஸ் வேகாஸ் படுகொலையில் சாதாரண ரைபிளைத் தானியங்கி வேகத்துக்குக் கொண்டுவரும் 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைக்கருவி பயன்பட்டது. அதை யந்திரத் துவக்காகக் கருதி அரசு போட்ட தடையை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டம் தானியங்கித் துவக்கைத் தடை செய்யப்பட்ட ஆயுதமாக வைத்திருக்கிறது, மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தொட முடியாது.

■ ஆயுள் தண்டனை யாருக்கு?

1996 உலகெங்கும் துவக்குச் சட்டங்கள் இறுகிய வருடம். மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 பிள்ளைகளும் ஆசிரியையும், ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேரும் கொல்லப்பட்டார்கள். பிரிட்டன் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது, அவுஸ்திரேலியா ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. இலங்கை அதே வருடம் தண்டனையைக் கூட்டியது. வாங்குவதற்கு ஏற்பாடில்லை, எண்ணுவதற்கு ஏற்பாடில்லை, தண்டனை மட்டும் ஏறியது. 2005இல் கொழும்பில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துவக்குகளைப் பகிரங்கமாக நொறுக்கினார்கள். நல்ல காரியம். தொடர்ந்து நடந்திருந்தால் இன்னும் நல்லது.

வழக்கு எப்படி நடக்கும்? பிடிபட்ட துவக்கு அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அது இயங்குமா, சட்டம் சொல்லும் வகைக்குள் வருமா என்று சோதித்து அறிக்கை வரும். அறிக்கை தானியங்கி என்று சொல்லிவிட்டால் மேல் நீதிமன்றத்தில் வாதாட அதிக இடமில்லை, யார் வசம் இருந்தது என்பதே மிச்சக் கேள்வி. கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் அதைச் சுமந்தவர், புதைத்து வைத்தவர், ஒரு நாள் கூலிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். முகாமின் ஆயுதக் களஞ்சியப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் கூண்டுக்கு வர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்டனையின் பாரம் குழலின் நுனியில் நிற்பவன் மேல் விழுகிறது, வேரைத் தொடுவதில்லை. அமெரிக்கா பணக்காரனுக்கு மட்டும் யந்திரத் துவக்கை விட்டுவைத்தது என்றால், நாம் செல்வாக்குள்ளவனுக்கு மட்டும் விட்டுவைத்தோம். சட்டத்தில் எழுதாமலே.

இனி லைசன்ஸ் பக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்குக்கு மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி, ரிப்பீட்டர் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு அமைச்சு. பயிர்ப் பாதுகாப்பு என்றால் பயிர் இருக்க வேண்டும், பயிருக்குக் காணி இருக்க வேண்டும், காணிக்கு உறுதி இருக்க வேண்டும். ஏழு பேர்ச் வீட்டுக் காணியின் உறுதிப்பத்திரத்துக்கே இன்னும் அலைகிற தோட்டத்து மக்கள் அந்த வாசலுக்குப் போக முடியாது. போக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. லயத்துக்கு லயம் துவக்கு வந்தால் குடிச்சண்டை ஒவ்வொன்றும் கொலையாக முடியும். நான் கேட்பது வேறு. துவக்கை நம்பி யாரிடம் கொடுக்கலாம் என்று அரசு தீர்மானிக்கும் ஒவ்வொரு முறையும், கொடுக்கப்படாதவனின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புத் துவக்குகளை வெலிசறைக் கடற்படைத் தளத்தில் ஒப்படைக்கச் சொன்னார்களே, அந்த மீளாய்வின் முழு முடிவையும் மாவட்டம் மாவட்டமாக, எந்தத் தொழில் செய்பவருக்கு எத்தனை என்று பாராளுமன்றத்தில் வைக்கட்டும். இரத்தினபுரி போன்ற மாணிக்க மாவட்டத்தில் அந்தப் பட்டியல் மிகவும் முக்கியம்.

■ றப்பர் காட்டுக்குள் இருக்கும் துவக்கு

டி-56 பற்றிய செய்திதான் அட்டைக்கு வருகிறது. தெஹியோவிட்டயிலும் தெரணியகலையிலும் நிவித்திகலையிலும் பால் வெட்டப் போகிறவர்களுக்குப் பயம் வேறு ஒன்றில். கட்டுத்துவக்கு.

உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்த துவக்கு. பன்றி வரும் ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், புல்லுக்குள் மறைவாகக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. தட்டினால் வெடிக்கும். பன்றியின் உயரம் பார்த்து வைப்பதால், மனிதருக்குப் படுவது பெரும்பாலும் முழங்காலிலும் அதற்குக் கீழேயும். ஈயமும் இரும்புத் துண்டும் எலும்பை நொறுக்கி அழுக்கோடு உள்ளே போகும். உயிர் தப்பினாலும் கால் தப்புவது நிச்சயமில்லை. இருட்டோடு தலையில் லைட் கட்டி மரத்துக்கு மரம் ஓடி வெட்ட வேண்டிய வேலை றப்பர். கால் போனால் அந்த வேலை போயிற்று, நாள் வேலைக்குப் பேர் போட முடியாது, பேர் போடாதவருக்குத் தோட்டத்து வீடும் கேள்விக்குறி.

இதில் தோட்டத்துக்காரர் பாதிக்கப்பட்டவர் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிராமத்தார் வைக்கிறார்கள், எங்கள் இளைஞர்களும் வைக்கிறார்கள். பன்றி இறைச்சிக்கு ஊரில் எப்போதும் கிராக்கி. மரவள்ளித் துண்டையும் வாழையையும் பன்றி ஒரே இரவில் புரட்டிப் போட்டுவிட்டால், வருடம் முழுக்கப் பட்ட பாடு மண்ணோடு போகிறது. றப்பர் விலை விழுந்த காலத்தில் கவனிக்காமல் விட்ட மலைகள் காடாகிவிட்டன. 1992க்குப் பிறகு தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்த பெருந்தோட்டக் கம்பனிகள் சில பிரிவுகளில் வருடக்கணக்கில் புல் வெட்டவில்லை. காடு வந்தால் பன்றி வரும், பன்றி வந்தால் கம்பி வரும். 1937ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுத்துவக்கைத் தடை செய்திருக்கிறது, துப்பாக்கிச் சட்டமும் தடை செய்திருக்கிறது. வைத்தவனைப் பிடிக்க முடியாது என்பதால் இரண்டும் காகிதத்தில் இருக்கின்றன. துவக்கு அவன் கையில் இல்லை, அது மரத்தில் கட்டியிருக்கிறது.

நான் கம்பனிகளைத்தான் முதலில் கேட்பேன். நிலம் உங்கள் குத்தகையில் இருக்கிறது. வெட்டுக்கு ஆளை அனுப்புமுன் மலையின் ஓரப் பாதைகளைப் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்க்கக் காவல்காரர் இருக்க வேண்டாமா? தேயிலை மலையில் குளவிக்கூட்டைப் பற்றி எச்சரிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கட்டுத்துவக்கைப் பற்றி எச்சரிக்கத் தெரியாமல் போகுமா? தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் காட்டும் வேகத்தில் கால் பங்கை இதில் காட்டினால் போதும்.

சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைத் தட்டுகிறவர்கள் குறைவு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்குத் தொழில்கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே சேர்த்தது. தோட்டத்தின் மலையில், தோட்டத்தின் மரத்தை வெட்டப் போகும்போது வெடித்த கட்டுத்துவக்கு இதற்குள் வரும் என்றே நான் வாசிக்கிறேன். வைத்தவன் யார் என்று தெரியவில்லை என்பது பொலிஸ் வழக்குக்குத் தடையாகலாம், நட்டஈட்டுக்குத் தடையாகக் கூடாது.

அப்படி ஒன்று நடந்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட கையோடு சில காரியங்களைச் செய்துவிட வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டில் வேலை நேரம் என்ற சொல்லும் மலை இலக்கமும் கட்டாயம் எழுதப்பட வேண்டும். 'காட்டுக்குப் போனவர்' என்று எழுத விடக் கூடாது, வேட்டைக்குப் போனவராக அவரை மாற்றிவிட அந்த ஒரு வரி போதும். அன்றைய வேலைப் பதிவேடான செக்ரோலில் அவர் பேர் விழுந்திருக்கிறதா என்று கங்காணியோடு போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி சட்ட மருத்துவ அறிக்கையின் இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கூட வெட்டப் போனவர்கள் இரண்டு பேரின் வாக்குமூலம் அதே வாரத்தில் பதிவாக வேண்டும். பிறகு தோட்டத்துச் சங்கத் தலைவரின் கையில் மட்டும் விட்டுவிடாமல், குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகும் விண்ணப்பத்தின் பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.